பன்னிரண்டாவது கால்

எங்கள் ஊர் கிர்ஜாவில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் எத்தனை மணிக்கு என்பதைக் கடல்தான் முடிவு செய்துகொண்டிருந்தது. மாதா கோயிலை ஊரில் எல்லோரும் கிர்ஜா என்றுதான் சொல்வோம். அதன் கதவில் ஒரு சிறிய கரும்பலகை தொங்கும். இந்த வாரம் காலை ஒன்பது, அடுத்த வாரம் பிற்பகல் மூன்று என்று பிரச்சாரக் என்று நாங்கள் கூப்பிடும் உபதேசியார் சாக்பீஸால் எழுதி வைப்பார். ஃபாதர் மாதத்துக்கு ஒரு முறைதான் ஜீப்பில் வருவார். மற்ற வாரங்களில் ஜெபம் நடத்துவது உள்ளூர்க்காரரான இந்தப் பிரச்சாரக்தான். ஏறிய கடல் ஓதம் வடியும் நேரத்தை அவர் தப்பாகக் கணித்துவிட்டால் அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஈரக் காலோடு முழந்தாளிட வேண்டியிருக்கும்.

கிர்ஜா ஒன்றும் கடலோரத்தில் கட்டப்பட்டதில்லை. பெரார்கஞ்சிலிருந்து உள்ளே தள்ளி, உப்பங்கழிக்கு வெகுதூரத்தில், நெல் வயல்களுக்கு நடுவே மேடான இடமாகப் பார்த்துத்தான் கட்டினார்கள். சுனாமி வந்த அன்று காலையில் முதலில் பூமி ஆடியதே, அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கத்துத் தரை ஓர் ஆள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அலை வந்தது, போனது. இறங்கிய தரை மட்டும் திரும்ப ஏறவில்லை. அன்றிலிருந்து தினமும் இரண்டு முறை கடல் கழி வழியாக உள்ளே வந்து வயல்களை நிரப்பிவிட்டுத் திரும்பிப் போகும். நெல் போனது, தென்னைகள் தலை கருகி நின்றன. கிர்ஜா மட்டும் தன் பன்னிரண்டு மரக்கால்களில், தண்ணீருக்கு மேலே, ஒன்றும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது.

அதைக் கட்டியவர்கள் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள். ஊரில் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்போம். வாரத்தில் ஆறு நாள் மரம் வெட்டி, வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கழியில் இறக்கிவிட்டு, ஏழாவது நாளில் தங்களுக்கென்று இந்தக் கிர்ஜாவைக் கட்டியிருக்கிறார்கள். மில்லில் கழித்துக்கட்டிய பலகைகள்தான் சுவர். கால்கள் மட்டும் நல்ல படாக் மரம். பன்னிரண்டு கால்களும் யேசுவின் பன்னிரண்டு சீடர்கள் என்று அவர்கள் கணக்கு. கதவு அப்பா செய்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த தச்சு மிஸ்திரியான அவருக்கு முதன்முதலில் கிடைத்த வேலை அந்தக் கதவுதானாம்.

நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் கிர்ஜாவில் ஆணி கழன்றால் அப்பாதான் போவார். கூலி வாங்காததற்காக அம்மா முணுமுணுப்பாள். பொதுவாகவே அவர் வாயைத் திறப்பது வெற்றிலை போடத்தான். பெற்ற பெண்ணான என்னையும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். சந்தோஷமாக இருந்தால் "கழுதை."

எனக்கு ஒன்பது வயதானபோது ஃபாதர் ஒரு நாள் பூசை முடிந்து, வருத்தத்தோடுதான், ஒரு விஷயம் சொன்னார். கால்கள் அரிக்கத் தொடங்கிவிட்டன, அடுத்த மழைக்காலத்தைக் கிர்ஜா தாங்காது. திருவிழாவுக்குள் உலர்ந்த தரையில் கிர்ஜா நின்றால் பூசை இங்கேயே தொடரும். இல்லையென்றால் எல்லோரும் பெரிய ரோட்டில் இருக்கும் கோயிலுக்கு வந்துவிட வேண்டியதுதான். அங்கே போக ஒன்பது கிலோமீட்டர். ராஞ்சிக்காரர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அன்று பெண்கள் கிர்ஜாவின் சுவர்ப் பலகையைத் தொட்டுத் தொட்டு அழுததை நான் பார்த்தேன்.

உலர்ந்த தரை கிடைத்துவிட்டது. எங்கள் பாக்குத் தோட்டத்தின் அடிவாரத்து மூலையை அப்பா கொடுத்தார். "ஏன் குடுத்தீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "கதவு நம்மளது" என்றார். ஆனால் நிலக் கணக்குப் பார்க்கும் பட்வாரி வந்து பார்த்துவிட்டு, புதிதாகக் கட்டிடம் கட்ட வேண்டுமானால் காகஜ் வேண்டும், அந்த அனுமதித் தாள் மேலேயிருந்து வர நாளாகும் என்று சொல்லிவிட்டார். பிரித்துக் கொண்டுபோய்க் கட்டலாமா என்று கேட்டார்கள். பிரித்துக் கட்டினால் அதுவும் புதியதுதானே என்றார். தவிர, துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினால் ஒரு பலகையும் முழுசாகத் தேறாது என்பது அப்பாவுக்குத் தெரியும். கடைசியில் பிரச்சாரக்தான் கேட்டார், பழைய கிர்ஜா அப்படியே வந்து நின்றால்?

பட்வாரி நல்ல மனிதர். "புரானா ஹை தோ புரானா ஹை" என்றார். பழையது பழையதுதான், அது எங்கே நிற்கிறது என்று என் புத்தகத்தில் கேள்வி இல்லை என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே நுழைந்தார். அம்மாவின் தம்பி. ஹார்பரில் லாஞ்ச் ஓட்டுகிறவர். கப்பல் விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு அளவில்லாமல் இருந்தது. "மரத்தைத் தெப்பம் கட்டி இறக்கினாங்கல்ல? கிர்ஜாவும் மரந்தானே மச்சான்? அடியில காலி டிரம்மைக் கட்டுவோம். பௌர்ணமி ஓதம் பெருசா ஏறும். கால அறுத்துவிட்டா அதுவா மெதக்கும். தள்ளிக்கிட்டே போய் நம்ம தோட்டத்து ஓரத்துல நிப்பாட்டிருவோம். பஸ், அவ்வளவுதான்!" என்றார். அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எத்தன டிரம்மு?" என்று கேட்டார்.

நாற்பது டிரம் சேர்ந்தது. அபர்டீன் பஜாரிலிருந்து மாமா லாரியில் சிலதைக் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்துப் பெங்காலிகள் வீட்டில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை, தண்ணீர் வடிந்த சேற்றில் அப்பா இறங்கிப் பதினொரு கால்களை அறுத்து, அறுத்த இடத்தில் ஆப்பு வைத்து நிறுத்தினார். பீடம் இருந்த கிழக்கு மூலையின் காலை மட்டும் விட்டுவிட்டார். இரவு ஓதத்தில் கிர்ஜா நழுவிவிடக் கூடாது, காலையில் எல்லாம் கட்டி முடிந்ததும் அறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. எனக்கு வேறு யோசனை இருந்தது.

எங்கள் வகுப்பில் மெயின்லேண்ட் பார்க்காதவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு லீவுக்கும் யாராவது ஒருத்தி கப்பலில் போய்வந்து, மூன்று நாள் எப்படியெல்லாம் வாந்தி எடுத்தேன் என்று பெருமையாகச் சொல்வாள். எனக்கு வாந்தி எடுக்கக்கூட வாய்ப்பில்லை. கிர்ஜா மிதக்கப் போகிறது என்று கேட்ட நிமிடமே நான் தீர்மானித்துவிட்டேன், இதுதான் என் கப்பல்.

எங்கள் தீவில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடும். வெளுக்கும்போதே ஊர் முழுக்கச் சேற்றில் நின்றது. ராஞ்சி ஆண்கள் பிரம்பால் டிரம்களைக் கிர்ஜாவின் தரைக்கு அடியில் வரிசையாகக் கட்டினார்கள். மரத்தெப்பம் கட்டிய கைகள் ஆதலால் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு அம்மா நின்றாள். "மெயின்லேண்ட்ல சாமியத்தான் தெப்பத்துல விடுவாங்க. இங்க கோயிலையே விடுறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முந்தானையை விட்டுவிட்டு நழுவினேன். கழியைப் பார்த்திருந்த வாசல் பக்கமாக ராஞ்சிப் பெண்கள் ஜெபமாலையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஏறி, பீடத்தின் மேல் தரைவரை தொங்கிய வெள்ளைத் துணிக்குள் புகுந்துகொண்டேன்.

ஓதம் ஏறியது. அதைக் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டேன். முதலில் அடியில் களகளவென்று ஒரு சத்தம், பிறகு டிரம்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். பலகை இடுக்கில் கண்ணை வைத்தால் கருப்பாகத் தண்ணீர் தெரிந்தது, தரைக்கு ஒரு சாண் கீழே. என் தலைக்கு மேலே ராஞ்சிக்காரர்களின் சாதரி மொழியில் பாட்டு. முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். வெளியே டிங்கிப் படகில் நின்று மாமா கத்துவது கேட்டது. "ஏறிருச்சு! ஏறிருச்சு! இன்னும் ஏன்டா தூக்கல?"

கிர்ஜா அசையவில்லை.

மாமாவுக்கு அப்போதுதான் உள்ளே பாட்டுச் சத்தம் உறைத்திருக்க வேண்டும். "அரே, உள்ள யாரு? எத்தன பேரு? எறங்கச் சொல்லுங்க!" டிரம் கணக்குப் போட்டபோது பலகைக்கும் தகரத்துக்கும்தான் கணக்குப் போட்டிருந்தார். முப்பது பெண்களை யாரும் சேர்க்கவில்லை. ஆனால் ராஞ்சிக்காரர்களுக்கு அது தவறாகவே தெரியவில்லை. மரத்தெப்பத்தைக்கூட அவர்கள் ஆளில்லாமல் கழியில் விடமாட்டார்கள். ஒருவன் மேலே உட்கார்ந்துதான் போவான். அப்படியிருக்க மாதாவைத் தனியாக அனுப்பிவிட்டுக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதா? பெண்கள் பாட்டை இன்னும் உரக்கப் பாடினார்கள்.

பிரச்சாரக் வாசல் படியருகே தண்ணீரில் நின்றார். பாட்டை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். இப்போது அவரே சொன்னார். "உதர் ஜாவோ, பெஹனோ. ஹமாரே போஜ் ஸே ருகா ஹை." இறங்குங்கள் சகோதரிகளே, நம் பாரத்தால்தான் நிற்கிறது. அதைக் கேட்டதும் பாட்டு நின்றுவிட்டது. முதலில் அவர் மனைவி எழுந்து இறங்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக. ஒருத்தி இறங்கும்போது பலகைகள் மெல்ல முனகும், தரை ஒரு நூல் உயரும். துணிக்குள் இருந்தபடி அதை என் உள்ளங்காலில் உணர்ந்தேன். ஒரு கட்டிடம் மூச்சு இழுப்பது மாதிரி இருந்தது.

கடைசிப் பெண்ணும் இறங்கியாயிற்று. மூன்று மூலைகளும் எழும்பிவிட்டன. நான் இருந்த கிழக்கு மூலை எழும்பவில்லை. அதன் அடியில் ஏதோ கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது. தரை சரிந்து, மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று உருண்டு வந்து என் முழங்காலில் இடித்தது. வெளியே மாமா ஏதோ அலறினார், இன்னும் கால் மணி நேரத்தில் தண்ணீர் திரும்பிவிடும் என்று. எனக்கு அப்போது ஒரே ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது. பாரம் நான்தான். இவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே இறங்கிப் போய்விட்டார்கள்; சம்பந்தமில்லாத நான், கப்பல் சவாரிக்கு ஆசைப்பட்டு, சாமியின் காலடியில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கிர்ஜா என்னால்தான் கடலிலேயே அழுகப் போகிறது. எழுந்து ஓடலாம் என்றால் கால் வரவில்லை. நடுக்கத்தில் என் கொலுசு மட்டும் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

அப்போது அந்தக் குரல் வந்தது.

தரைக்கு அடியிலிருந்து வந்தது. தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவே உருண்டு, பெரிதாகி, சுவர் நான்கிலிருந்தும் வந்தது. "தங்கம்" என்றது. "பயப்படாதம்மா. மெதுவா எந்திரி. ஓடாத. மெதுவா நடந்து வாசலுக்குப் போம்மா, என் தங்கம்."

ஹிந்தியில் ஜெபமும் சாதரியில் பாட்டும் மட்டுமே கேட்ட இடத்தில் தமிழ். அதுவும் அப்படி ஒரு தமிழ். அவ்வளவு கனிவாக யாரும் என்னிடம் அதுவரை பேசியதில்லை. என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கைகூப்பிக்கொண்டு துணிக்குள்ளிருந்து வெளியே வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, குரல் சொன்னபடியே, சரிந்த தரையில் ஒவ்வோர் அடியாக வாசலுக்கு நடந்தேன். பிரச்சாரக் ஒன்றும் கேட்காமல் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பலகையில் இரண்டு முறை தட்டினார். அது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்தேன்.

தட்டிய சிறிது நேரத்தில், அடியில் மறுபடி அந்தக் கரகரச் சத்தம், ஒரு முறிவு. கிர்ஜா எழுந்தது.

இதை எப்படிச் சொல்வது? நான் பிறந்ததிலிருந்து பார்த்த கட்டிடம். சிலுவையும் தகரக் கூரையும் அப்பாவின் கதவும் கரும்பலகையுமாக, அப்படியே, ஒரு முழம் மேலே எழுந்து, ஒரு பக்கமாக மெல்லத் திரும்பியது. மாமாகூட வாயைத் திறந்தபடி நின்றார். ஆண்கள் மூங்கிலை ஊன்றித் தள்ளினார்கள். கருகிய தென்னைகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்களின் மேலே, கிர்ஜா நகர்ந்தது. அதைத் தொட்டுக்கொண்டு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடந்தார்கள். யாரோ மறுபடி பாட்டை எடுத்தார்கள். பிரச்சாரக்கின் தோளில் உட்கார்ந்து நானும் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு போனேன். எனக்குத் தெரியாத பாட்டை நானும் பாடினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன். மெயின்லேண்டும் போய், முறைப்படி வாந்தியும் எடுத்தாயிற்று. அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக ஒன்றையும் நான் காணவில்லை.

பெரிய ஓதம் மட்டுமே எட்டும் எங்கள் தோட்டத்து ஓரத்தில் கல் அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிய வடிய, கோழி அடையில் உட்காருவது போல, கிர்ஜா அதன்மேல் உட்கார்ந்தது.

அப்பா எங்களோடு வரவில்லை. கிர்ஜா நகரத் தொடங்கியபோதே திரும்பிப் பார்த்திருந்தேன். பழைய இடத்தில், மார்பளவு தண்ணீரில், அறுத்த காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோளில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம். கிர்ஜா போவதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"என்ன மச்சான், ஒரு கால அறுக்காமலே விட்டுட்டீங்களே! காரியம் கெட்டிருக்குமே!" என்று மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா, "மறந்துட்டேன் மாப்ள" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் அது ஒரு பேச்சாகிவிட்டது. பன்னிரண்டு சீடர்களில் அந்தக் கால்தான் நம்பாத தோமா என்று ஃபாதரே சிரித்தார். அளவெடுக்கப் போன இடத்திலெல்லாம், "மிஸ்திரி, எண்ணிப் பார்த்தீரா?" என்று அப்பாவைக் கேட்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். சாமியே குரல் கொடுத்துக் காரியத்தை முடித்துவைத்த இடத்தில் என் அப்பா ஒரு காலை மறந்துவிட்டாரே என்று அவர்மேல் வருடக்கணக்கில் எனக்குக் கோபம்.

பிறகெல்லாம் யாரும் இல்லாத நேரத்தில் கிர்ஜாவுக்குப் போய் மாதாவிடம் தமிழில் பேசுவேன். பதில் வந்ததில்லை. தேவைப்பட்டால்தான் பேசுவார் போல என்று விட்டுவிட்டேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி இதே தீவில் டாலிகஞ்சில் இருக்கிறேன். போன வருடம் ஜெட்டியில் படகுக்காக நின்றுகொண்டிருந்தோம். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், என் நான்கு வயது மகன் ஜெட்டியின் விளிம்பில், கயிறு கட்டும் இரும்புக் குமிழின் மேல் ஏறி நிற்கிறான். கீழே படகுக்கும் தூணுக்கும் நடுவே தண்ணீர் மோதுகிறது. நான் கத்துகிறவள், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அன்று கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவான். என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது. "தங்கம், பயப்படாதம்மா. ஓடாத. மெதுவா இறங்கி அம்மாகிட்ட வா." அவன் மெதுவாக இறங்கி வந்தான். அவனை அள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலை நான் முன்பு கேட்டிருந்தேன்.

அன்று கிர்ஜாவுக்கு அடியில் நடந்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண்களுக்கு அடியில் அறுக்கக் கூடாது என்று அவர்கள் இறங்கும்வரை அப்பா தண்ணீரில் காத்திருந்திருக்கிறார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து அறுக்கத் தொடங்கி, கொஞ்சமே மிச்சமிருக்கும்போது தலைக்கு மேல் கொலுசுச் சத்தம் கேட்டிருக்கிறது. இதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பிரச்சாரக்கும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

கிர்ஜா வந்து உட்கார்ந்த அன்று சாயங்காலம் அப்பா தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பொதுவாக நான் எதையும் சொல்வதில்லை. அன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளே ஒளிந்திருந்ததையும், அடி விழுந்தாலும் சரியென்று, சேர்த்தே சொன்னேன். "அப்பா, அந்தச் சாமி எங்கிட்டத் தமிழ்ல பேசுச்சுப்பா."

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். "என்ன சொல்லிச்சு?"

சொன்னேன். குரல் சொன்ன மாதிரியே, அதே கனிவோடு, தங்கம் என்று ஆரம்பித்து ஒரு வார்த்தை விடாமல்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். முகத்தை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். சாமி பேசியதைக் கேட்க அப்பாவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம், அவரிடம் சாமி எதுவும் பேசவில்லையே என்று நினைத்து, அவர் கேட்காமலேயே நான்காம் முறையும் சொன்னேன்.